குழாய் மேல் ஒரு டம்ளர் டீ

6-1-1981

இறால் வாங்கப் போனவன் வெறும் பையோடு திரும்பினேன். “இறால் எங்க?” என்றாள் ஜைனம்பு. குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றதில் மறந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். “முப்பத்திரண்டு வருஷமா பசங்களை வேடிக்கை பாக்காதேன்னு அதட்டினீங்க. ரிட்டயர் ஆனதும் நீங்க வேடிக்கை பாக்கறீங்க” என்றாள். மத்தியானம் ரசம் மட்டும்.

ஆனால் வேடிக்கை பார்க்க வேண்டிய பொருள்தான் அது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் தென்கரை மணலில் மீனவர் சங்கம் ஒரு காவல் கோபுரம் நட்டிருக்கிறது. கோபுரம் என்பது சங்கத் தலைவர் ஆதிநாராயணன் சொல்லும் பெயர். மற்ற எல்லாருக்கும் குழாய். மூடிப்போன ஏதோ ஒரு நெல் மில்லின் இரும்புப் புகைக்குழாய்தான் அது. மூன்றரை அடி அகலம், அறுபதடி உயரம். உச்சியில் ஆள் உட்காரப் பலகை அறை. ஏறுவதற்கு வெளிப்பக்கம் கம்பிப் படிகள்.

முகத்துவாரத்தில் மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும். மேலேயிருந்து பார்த்தால் தண்ணீரின் நிறத்திலேயே ஆழம் தெரியும். உள்ளே வரும் படகுக்கு ஆழம் வலப்பக்கமானால் சிவப்புக் கொடி, இடப்பக்கமானால் வெள்ளைக் கொடி. போன வருஷம் ஐப்பசியில் ஒரு படகு திட்டில் ஏறிக் கவிழ்ந்து இரண்டு பேர் போனார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் குழாய்.

அதே படகிலிருந்து பிழைத்தவன் கோட்டைக்குப்பம் துளசிங்கம். என்னிடம் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் படித்தவன். இப்போது நாற்பது வயது. வலது முழங்கால் இனி மடங்காது. மண்டியிட முடியாதவன் கட்டுமரத்தில் துடுப்புப் போடுவது எப்படி? ஆகவே குழாய் மேல் காவல் வேலை அவனுக்கு. கையாலேயே ஏறிவிடுகிறான். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

9-1-1981

துளசிங்கம் மேலே வாந்தி எடுக்கிறானாம்.

10-1-1981

உண்மைதான். அவன் மனைவி கோவிந்தம்மா மீன் கொண்டுவந்தபோது வாசலிலேயே உட்கார்ந்து சொன்னாள்.

“இருபது வருசம் கடல்ல போச்சு சாரு. ஒரு நாளு தல சுத்துதுனு சொன்னது இல்ல. இப்ப மசக்கக்காரி மாதிரி எலுமிச்சங்காய மோந்துகினு ஏறுது. ஊரே சிரிக்குது.”

ஊர் சிரிக்கிறது என்றால் சும்மா இல்லை. நேற்று அவன் டீக்கடைக்கு வந்தபோது ஒருவன் ஊறுகாயை நீட்டினானாம். ‘எத்தினாவது மாசம்?’ என்று இன்னொருவன் கேட்டானாம்.

சிரிப்பு ஒரு பக்கம். மத்தியானத்தில் தாங்கமாட்டாமல் இரண்டு தடவை கீழே இறங்கிவிட்டான். இரண்டாம் தடவை இறங்கியிருந்த நேரத்தில் ஒரு படகு திட்டை உரசிக்கொண்டு வந்தது. ஆதிநாராயணன் கறாராகச் சொல்லிவிட்டார்: மாசி முடியும் வரை பார்ப்பேன். பொழுது விடிந்து பொழுது சாயும் வரை மேலே ஆள் உட்கார முடியவில்லையென்றால் குழாய் பழைய இரும்புக்குப் போகும். வேறு ஆளையும் ஏற்றிப் பார்த்தார்கள். அவன் துளசிங்கத்தைவிட வேகமாக இறங்கினான்.

குழாய் போனால் துளசிங்கத்துக்கு வேலை போகும். படகுக்குக் கண் போகும். இரண்டும்தான்.

12-1-1981

ஏறினேன். ஜைனம்புவிடம் சொல்லவில்லை.

ஐம்பத்தொன்பது வயதில் அறுபதடி. பாதி வழியில் கீழே பார்க்கக் கூடாது என்று எல்லாரும் கத்தினார்கள். அதனாலேயே பார்த்தேன். மேலே துளசிங்கம் கையைக் கொடுத்துத் தூக்கினான். “உக்காருங்க சார். இப்ப ஒண்ணும் இல்ல. பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டல் எழும்பும். அப்ப பாருங்க.” கொண்டல் என்பது கிழக்கேயிருந்து வரும் கடல்காற்று.

எழும்பியது. இதமான காற்று. கீழே இருந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு உட்காரத் தோன்றும். மேலே — குழாய் ஆட ஆரம்பித்தது. பெரிய ஆட்டம் இல்லை, நான்கு விரற்கடை இருக்கும். ஆனால் நிற்கவே இல்லை. கைநாடியைப் பிடிப்பதுபோல் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு ஐம்பது ஆட்டம்.

“கடல்ல இதவிட எத்தனையோ பங்கு ஆடியிருப்பியே துளசிங்கம்?”

“அங்க அலை வர்றது தெரியும் சார். ஒடம்பு தானா சாயும். இது சொல்லாம ஆடுது.”

இதைவிட நல்ல விடையை நான் எந்தப் பரீட்சைத் தாளிலும் திருத்தியதில்லை.

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினான். அரை டம்ளர்தான் ஊற்றுவானாம், அதற்கு மேல் நிற்காது. அதுவும் சிந்தியது. பிறகு நடந்ததை எழுதாமல் விடலாம். ஆனால் நாட்குறிப்பில் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம். வாந்தி எடுத்தேன். கீழே என்னிடம் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். ஒருவன் கை தட்டினான்.

13-1-1981

ஜைனம்புவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்கு வந்திருக்கிறது. கஞ்சி மட்டும் வந்தது.

16-1-1981

ஒரு விஷயம் குடைகிறது. பலகையில் டீ சிந்திய கறை டம்ளருக்கு வடக்கிலும் தெற்கிலும் இருந்தது. காற்றோ கிழக்கிலிருந்து. கிழக்குக் காற்று குழாயைக் கிழக்கு மேற்காகத்தானே ஆட்ட வேண்டும்? தள்ளியது ஒரு பக்கம், ஆடியது வேறு பக்கமா? நான்தான் திசை தப்பினேனோ? மேலே போனவனுக்கு வயிறே இடம் மாறிவிட்டது. திசை எம்மாத்திரம்.

20-1-1981

இன்று பலத்த காற்று. கரையில் ஓலைகள் பறந்தன. துளசிங்கத்தை நினைத்துப் பயந்துகொண்டே போனேன். அவன் மேலே இருந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்! குழாய் லேசாக அதிர்கிறதாம், ஆடவில்லையாம். பலத்த காற்றுக்கு ஆடாத குழாய் இளங்காற்றுக்கு ஆடுகிறது. அதட்டினாலும் அழாத பையன் முணுமுணுத்தால் அழுவதுபோல இருக்கிறது.

25-1-1981

துளசிங்கமே ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் நைனா சொல்வாராம், ‘படகு ஆடினா பாரம் போடு’ என்று. ஆறு மூட்டை மணலைக் கயிறு கட்டி மேலே இழுத்து அறைக்குள் அடுக்கினார்கள்.

ஆட்டம் நிமிஷத்துக்கு நாற்பத்து மூன்றாகக் குறைந்தது. துளசிங்கத்தின் வாந்தி மூன்றிலிருந்து ஐந்தாக ஏறியது. நிதானமாக ஆடுகிறதாம். தொட்டில் மாதிரி.

படகுக்குப் பாரம் அடியில் போடுவோம். இங்கே தலையில் வைத்தோம். தலைச்சுமையோடு நடக்கிறவள் இன்னும் மெதுவாகத்தானே அசைவாள். மூட்டைகளை இறக்கிவிட்டார்கள். இறக்கியதில் ஒன்று பிரிந்து ஆதிநாராயணன் தலையில் கொட்டியது. “பாரம் சரியான எடத்துக்குத்தான் வந்துது மாமா” என்றாள் கோவிந்தம்மா.

31-1-1981

இப்போது ஆதிநாராயணனின் முறை. நங்கூரம். குழாயின் உச்சியிலிருந்து கிழக்கே ஒரு தடித்த கயிறு, மேற்கே ஒன்று, மணலில் இரண்டு நங்கூரம்.

“தலைவரே, ஆடுவது வடக்கு தெற்காக” என்றேன்.

“வாத்தியாரே, காத்து கெழக்கால இருந்து வருது. கண்ணு தெரியலயா?”

கட்டினார்கள். ஆடியது. வடக்கு தெற்காக. கயிறு இரண்டும் ஊஞ்சல் பார்ப்பவர்கள் மாதிரி சும்மா நின்றன.

வடக்கே கட்டலாம்தான். ஆனால் வடக்கே பத்தடியில் தண்ணீர், படகுப் பாதை. அங்கே கயிற்றை இழுத்துக் கட்டினால் படகைக் காப்பாற்ற வைத்த குழாயே படகைக் கவிழ்க்கும்.

7-2-1981

ஏரித் தண்ணீர் கடலுக்கு வடியும் நேரத்தில் கரையோரம் நின்றேன். வலை கட்ட நட்டிருக்கும் மூங்கில் கழி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடும் திசையில் இல்லை, குறுக்கே! கழிக்குப் பின்னால் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு சுழி கழன்று போகிறது. பிறகு வலப்பக்கம் ஒன்று. பிறகு இடம். பிறகு வலம்.

வீட்டுக்கு ஓடிவந்து பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூள் தூவி, கரண்டிக் காம்பை நட்டு இழுத்துப் பார்த்தேன். அதே சுழிகள். இடம், வலம், இடம், வலம். டிரில் பீரியட் பிள்ளைகள் மாதிரி.

ஜைனம்பு வந்து பார்த்தாள். “பிரியாணிக்கு வெச்ச மஞ்சள்.”

“இதோ பார், காற்றும் தண்ணீர் மாதிரிதான் குழாயைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு சுழியும் கழலும்போது குழாயைப் பக்கத்தில் ஒரு சின்ன இழு இழுக்கிறது. கொண்டல் வேகத்தில் சுழியும் நிமிஷத்துக்கு ஐம்பது, குழாயின் ஆட்டமும் ஐம்பது. ஊஞ்சல் திரும்பி வரும்போது சரியாகத் தள்ளினால் சின்னக் குழந்தைகூடப் பெரிய ஆளை ஆட்டிவிடும். பலத்த காற்றில் சுழி அவசரப்படும், நேரம் ஒத்துப்போகாது, அதனால் ஆடாது!”

“சரி. இப்ப எப்படி நிறுத்தறது?”

அது தெரியவில்லை.

18-2-1981

மாசி மகம். மூன்று குப்பத்து அம்மன்களும் கடலாட வந்தார்கள். முகத்துவாரம் கொள்ளாத கூட்டம். கரையில் உயரமான பொருள் குழாய்தானே, மூன்று நாள் முன்பே தோரணம் சுற்றிவிட்டார்கள். பழைய வலையை வைக்கோலோடு சேர்த்து முழங்கை கனத்துக்கு முறுக்கி, மாவிலையும் பூவும் செருகி, உச்சியிலிருந்து பாதிவரை கொடி படர்ந்தாற்போல் சுற்றியது. ஒன்று சுற்றினால் போதாதா? எந்தக் குப்பத்துத் தோரணம் என்று சண்டை. ஆதிநாராயணன் மூன்றையும் பக்கம் பக்கமாகச் சுற்றச் சொல்லிவிட்டார். குழாய் கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

எனக்குச் சுண்டல் இரண்டு பொட்டலம்.

22-2-1981

திருவிழாவுக்கு வரும் வெளியூர்ப் படகுகளுக்காகத் தினமும் ஏறியும் துளசிங்கம் ஒரு வாரமாக வாந்தி எடுக்கவில்லை. “அம்மன் கண்ணத் தொறந்துட்டா சார்.” காற்று விழுந்திருக்கும் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. ஒருவன் சந்தோஷமாக இருக்கும்போது வாத்தியார் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

24-2-1981

நேற்று திருவிழாக் கொடி இறக்கினார்கள். தோரணமும் இறங்கியது. இன்று துளசிங்கம் எலுமிச்சங்காயோடு ஏறினான். மூன்று தடவை.

“அம்மன் ஊருக்குப் போய்ட்டா சார்” என்றான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

26-2-1981

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து இந்த நோட்டையே முதலிலிருந்து படித்தேன். வாசலில் காற்றுப் பார்த்து ஓரத்தில் குறிப்பது என் வழக்கம். பதினைந்தாம் தேதியிலிருந்து இருபத்து மூன்று வரை — கொண்டல், கொண்டல், கொண்டல். காற்று விழவே இல்லை! வழக்கம்போல அடித்திருக்கிறது. குழாய்தான் ஆடவில்லை.

பதினைந்தில் என்ன வந்தது? தோரணம். இருபத்து மூன்றில் என்ன போனது?

அட.

தாம்பாளம், மஞ்சள், கரண்டி. காம்பில் ஜைனம்புவின் சடைநாடாவை முறுக்கி மூன்று சுற்றாகச் சுற்றி இழுத்தேன். வரிசையான சுழி இல்லை! தண்ணீர் கலைந்து கலைந்து போயிற்று. வகுப்பு முழுக்க ஒரே வாய்ப்பாட்டை ஒரே குரலில் சொன்னால் கூரை அதிரும். ஆளுக்கொரு வாய்ப்பாடு சொன்னால் வெறும் இரைச்சல்தான். படர்ந்து சுற்றிய தோரணம் ஒவ்வொரு உயரத்திலும் காற்றை ஒவ்வொரு நேரத்தில் கழற்றிவிடுகிறது. சுழிகள் சேர்ந்து இழுக்க முடியவில்லை.

ஜைனம்பு மஞ்சள் படிந்த நாடாவைப் பார்த்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

1-3-1981

சங்கத்தில் போய்ச் சொன்னேன். ஊஞ்சல், வாய்ப்பாடு, எல்லா உதாரணமும் சொன்னேன். தலை ஆட்டினார்கள். தோரணத்தைத் திரும்பச் சுற்றுங்கள் என்றதும் ஆட்டம் நின்றது.

“அது ஆவாது வாத்தியாரே” என்றார் ஆதிநாராயணன். கோபம் இல்லாமல்தான் சொன்னார். “தோரணம் நிக்குதுனா ஆத்தா இன்னும் கடல்ல நிக்கிறானு அர்த்தம். அவ நிக்கிற வரைக்கும் எவனும் வலை எறக்க மாட்டான். உங்க குழாய் நிக்கும். மூணு குப்பமும் பட்டினி கெடக்கும்.”

அவர்கள் அம்மன், அவர்கள் கடல். நான் வெளியாள். எழுந்து வந்துவிட்டேன். பதிமூன்றாம் தேதி மாசி முடிகிறது.

3-3-1981

கோவிந்தம்மா! கோவிந்தம்மா என் பள்ளிக்கூடத்தில் படிக்காமல் போனது என் தப்பு அல்ல, அவள் வேறு ஊர்க்காரி. இருந்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இன்று சங்கத்து வாசலில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறாள்: “மாமா, தோரணம்னா இன்னா?”

“மாவிலை, பூவு.”

“மாவிலை, பூவு இல்லாம வெறும் வலை இருந்தா?”

“அது வலை.”

“வலைய ஒசரத்துல காயப் போட்டா ஆத்தா கோவிப்பாளா?”

ஆதிநாராயணன் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தாராம். “வலை எத்தினி நாளுடி காயும்?”

“ஈரம் போற வரைக்கும் மாமா. கடலோரத்துல ஈரம் என்னைக்குப் போச்சு?”

சங்கமே சிரித்துவிட்டதாம். ஊறுகாய் நீட்டினவன்தான் முதலில் வலை கொண்டுவரப் போனானாம்.

6-3-1981

சுற்றினார்கள். மூன்று குப்பத்துக்கும் மூன்று. இந்தத் தடவை உள்ளே தென்னங்கயிறு வைத்து முறுக்கி, அங்கங்கே கம்பியால் கட்டி. நான் கீழே நின்று “சரிவு ஒரே மாதிரி, சரிவு ஒரே மாதிரி” என்று கத்தித் தொண்டை கட்டிவிட்டது. தாசில்தார் ஆபீஸ் ஆள் ஒருவர் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டார். நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்: “வலை காயுது சார்.”

13-3-1981

கடைசி நாள். ஆதிநாராயணன் தானே மேலே உட்கார்ந்து பார்ப்பேன் என்றார். அவர் உடம்புக்கு ஏறவே அரைமணி. பின்னால் இரண்டு பேர் தாங்கினார்கள். கொண்டல் எழும்பியது. நான் கீழே மணலில் உட்கார்ந்து உச்சியைப் பார்த்தபடி எண்ணத் தயாரானேன். எண்ண ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு மூன்று படகு ஒன்றன்பின் ஒன்றாக முகத்துவாரத்தை நோக்கி வந்தன. திட்டு நேற்றிரவு நகர்ந்திருக்கிறது. மேலே வெள்ளைக் கொடி. முதல் படகு சந்தேகப்பட்டது, நேற்றுவரை வலப்பக்கம்தானே. கொடி அசையவில்லை. துளசிங்கம் எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடித்திருந்தான். படகு இடப்பக்கம் திரும்பியது. மூன்றும் உள்ளே வந்தன.

பொழுது சாய்ந்து ஆதிநாராயணன் இறங்கினார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

“இவன் நாளெல்லாம் பாடறான். அதான் தாங்க முடியல” என்றார்.

2-5-1981

மெட்ராஸில் வரைபட வேலை பார்க்கும் என் பழைய மாணவன் இளங்கோவனுக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். பதில் வந்தது. வெளிநாட்டில் உயரமான இரும்புப் புகைபோக்கிகளுக்கு இப்படித்தான் தகட்டைச் சுருளாகப் பற்றவைப்பார்களாம், மூன்று சுருளாக, உச்சிப் பக்கம். ‘ஐயா, இதை எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள்?’ என்று கேட்கிறான்.

ஜைனம்பு சொன்னாள்: “மூணு குப்பத்துச் சண்டைல பாத்தேன்னு எழுதுங்க.” அப்படியே எழுதினேன்.

8-3-1982

மாசி மகத் தோரணத்தைக் குழாயில் சுற்ற இடமில்லை. வலை இன்னும் காயவில்லை. கீழே பந்தல் போட்டு அதில் கட்டினார்கள். பந்தலுக்கு மூன்று வாசல்.

11-3-1984

துளசிங்கம் ஆள் அனுப்பினான். மேலே டீ குடிக்க வர வேண்டுமாம். ஜைனம்பு “போய்ட்டு வாங்க, வெறும் வயித்தோட போங்க” என்றாள்.

இப்போது ஏறுவதற்கு நேரம் ஆகிறது. அறையில் ஒரு பாய், ஒரு டிரான்சிஸ்டர், கோவிந்தம்மா தைத்த புதுக்கொடி இரண்டு. எலுமிச்சங்காய் எங்கே என்றேன். “ஊறுகா போட்டாச்சு சார்.”

கொண்டல் அடித்துக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் இரண்டு நிறமாகக் கிடந்தது. துளசிங்கம் டம்ளரைப் பலகையில் வைத்து, பிளாஸ்கைக் கவிழ்த்து, விளிம்புவரை ஊற்றினான். விளிம்புக்கு மேலேயே கொஞ்சம் உப்பி நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு படகு தூரத்திலிருந்து வந்து, கொடியைப் பார்த்துத் திரும்பி, உள்ளே போயிற்று. அதுவரையிலும் பார்த்தோம்.

பிறகு எடுத்துக் குடித்தேன். வேட்டியெல்லாம் சிந்தியது. குழாய் இல்லை, என் கை.